வெள்ளம் கண்டு மழை அறிதல்

நோய் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிவது அதன் குறிதான். காய்ச்சல், இருமல், கழிச்சல், தடிப்பு, மஞ்சள் பாரித்த கண் என உடம்பு வெளியே காட்டுவதெல்லாம் உள்ளே நடக்கும் வேறொன்றின் அடையாளம். குழந்தையின் இருமலைக் கேட்டுத் தாய் “சாதாரணச் சளிதான்” என்று சொல்கிறாள். அதே இருமலைக் கேட்டு மருத்துவர் கக்குவானாக இருக்குமோ என்று ஐயப்படுகிறார். இருவர் செய்வதும் ஒரே செயல். கண்டதைக் கொண்டு காணாததைத் துணியும் இச்செயலைத் தமிழ்ச் சமய நூல்கள் கருதல் என்றும் அனுமானம் என்றும் சொல்லும். கடவுள், உயிர், வினை ஆகியவற்றைக் கண்ணால் காட்டி நிறுவ முடியாது என்பதால், கருதல் எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பதைச் சமயவாதிகள் மிகக் கறாராக வகுக்க வேண்டியிருந்தது. அந்த இலக்கணம் நோய்க்குறிகளுக்கு அப்படியே பொருந்துகிறது.

மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி நகரத்து அளவைவாதி கருதலை மூன்றாகப் பிரிக்கிறான். காட்டுக்குள்ளிருந்து வரும் பிளிறலைக் கேட்டு அங்கே யானை உண்டு என்பது பொது. ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்பது எச்சம். விளைவிலிருந்து காரணத்துக்குப் போவது. கறுத்த முகிலைக் கண்டு மழை வரும் என்பது முதல். காரணத்திலிருந்து விளைவுக்கு வருவது. வடமொழி நியாய சூத்திரம் சொல்லும் மூவகை அனுமானமும் இவைதாம். அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரின் தொடக்கத்திலேயே அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, பத்து வரை எண்ணிக்காட்டி, அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறார்.

வெள்ளம், மழை என்ற எடுத்துக்காட்டு திருவள்ளூர் மாவட்டக் காட்டுப்பள்ளிக்கு ஏட்டுச் செய்தி அன்று. ஒருபுறம் வங்கக்கடல், மறுபுறம் பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழியும். நடுவே மணல்திட்டாகக் கிடக்கிறது ஊர். ஐப்பசி, கார்த்திகையில் வானம் வெளுத்திருக்கும் நாளிலும் எண்ணூர் முகத்துவாரத்தை நோக்கிக் கலங்கல் நீர் வந்துகொண்டிருக்கும். ஆந்திர எல்லைக்கு அப்பால் நகரி ஆற்றுப் படுகையில் மழை கொட்டியிருக்கலாம். பூண்டி நீர்த்தேக்கத்தின் மதகைத் திறந்திருக்கலாம். இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம். குறி ஒன்று, காரணம் பல.

இந்தத் தடையை நியாய சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயமே எழுப்புகிறது. ஆற்றில் நீர் ஏறுவதற்குக் கீழே எங்கோ ஏற்பட்ட அடைப்பும் காரணமாகலாமே, பிறகு வெள்ளத்தைக் கண்டு மழையை எப்படித் துணிவது என்று கேட்கிறான் எதிர்வாதி. வாத்ஸ்யாயனரின் உரை தரும் விடை எளியது, ஆனால் ஆழமானது. வெறுமனே நீர் ஏறியிருப்பது மழைக்குக் குறி ஆகாது. நீரின் வேகம், நுரை, அதில் மிதந்து வரும் இலை, காய், மரக்கட்டை என்ற தனித்தன்மைகளோடு கூடிய பெருக்குத்தான் மழைக்குக் குறி. அடைத்த நீர் ஏறும், இப்படி ஓடிவராது. பிழை அனுமானத்தில் இல்லை, குறியைப் பாதி மட்டும் பார்த்தவனிடத்தில் இருக்கிறது.

நோய்க்குறியை அறிதல் என்பது இந்த விடையின் நடைமுறைதான். “இருமல்” என்பது எதற்கும் குறியாகாது. எத்தனை நாளாக, எந்த வேளையில், எந்த விதமாக, எதோடு சேர்ந்து என்று விவரம் ஏறும்போதுதான் அது குறியாகிறது.

கக்குவான் இருமல் இதற்கு ஏற்ற உதாரணம். பொதுவான குறியாகத் தொடங்கி, வேறெதற்கும் இல்லாத தனிக்குறியாக முதிரும் நோய் அது. நோயாளியின் இருமலில் தெறிக்கும் நுண்துளிகள் வழியே பரவுகிறது. பாரிசில் 1578இல் கண்ட கொள்ளைநோயை வைத்து பையூ என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை விவரித்தார். இதை உண்டாக்கும் பாக்டீரியாவை 1906இல் போர்தே, ஜாங்கூ என்ற இருவர் பிரித்தெடுத்தனர். போர்தேயின் பெயரால் அது போர்டெடெல்லா பெர்டுசிஸ் எனப்படுகிறது. கிருமி தொற்றி ஏழு முதல் பத்து நாளில், சிலருக்கு மூன்று வாரம் வரை கழித்து, நோய் தலைகாட்டும்.

முதல் ஒன்றிரண்டு வாரம் மூக்கு ஒழுகும், லேசாக இருமும், காய்ச்சல் இருக்காது அல்லது சூடு சற்றே தெரியும். இந்தக் கட்டத்தில் எந்த மருத்துவராலும் பார்த்த பார்வையில் இதைச் சளியிலிருந்து பிரிக்க முடியாது. கொடுமை என்னவென்றால், நோய் மிக வேகமாகப் பரவுவதும் அசித்ரோமைசின் போன்ற மருந்து நன்றாக வேலை செய்வதும் இந்தக் கட்டத்தில்தான். குறி தெளியும்போது மருந்தின் பயன் குறைந்துவிடுகிறது. கிருமியின் நச்சு அதற்குள் மூச்சுக்குழாயின் உட்புற மயிரிழைகளைச் சிதைத்திருக்கும். அதன்பின் கொடுக்கும் மருந்து பிறருக்குத் தொற்றாமல் தடுக்குமே தவிர, இருமலை உடனே நிறுத்தாது.

இரண்டாம் கட்டத்தில் இருமல் அடுக்கடுக்காக வரும். விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தை திடீரென்று நிற்கும். வரப்போவது அதற்குத் தெரிந்துவிடும். சுவரையோ அம்மாவின் முழங்காலையோ பிடித்துக்கொள்ளும். பிறகு மூச்சை உள்ளே இழுக்க இடமே தராமல் பத்து, பதினைந்து இருமல் தொடர்ந்து வரும். நாக்கு வெளியே நீளும், கண்ணில் நீர் கோக்கும், முகம் சிவந்து பின் நீலம் பாயும். கடைசியில் ஒடுங்கிய தொண்டை வழியே காற்று உள்ளே பாயும்போது “ஊ” என்ற நீண்ட ஓசை கேட்கும். நூல்போல் இழுபடும் பிசுபிசுத்த கோழை வெளிவரும். அதோடு சாப்பிட்டதும் வாந்தியாகப் போகும். இரவில் இது கூடும். அழுத்தத்தில் வெள்விழியில் இரத்தம் கட்டிச் சிவப்பாகத் தெரிவதுண்டு. வந்த வேகத்தில் அடங்கியபின் குழந்தை மறுபடி விளையாடப் போய்விடும்.

அந்தக் கடைசி வரிதான் பலரை ஏமாற்றுகிறது. அடுக்கிருமல் இல்லாத வேளையில் மருத்துவரின் அறைக்குள் குழந்தை நல்லபடியாகவே இருக்கும். மார்பில் கருவியை வைத்துக் கேட்டாலும் பெரும்பாலும் ஒன்றும் கேட்காது. மருத்துவரின் காண்டல் இங்கே வெறுங்கை. தாயின் உரைதான் சான்று. “இரவெல்லாம் இருமிக் கக்குது டாக்டர்” என்ற சொல்லை எடுத்தெறியாமல் கேட்பவரே நோயைப் பிடிக்கிறார். இப்போது தாய்மார் அந்த வேளையைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அளவை நூலின் மொழியில் சொன்னால் உரை காண்டலாக மாறிவிடுகிறது. இரத்தத்தில் நிணநீர் அணுக்கள் கூடியிருப்பதும், மூக்கின் பின்புறத்திலிருந்து துடைத்தெடுத்த மாதிரியின் பி.சி.ஆர். சோதனையும் துணிபை உறுதி செய்யும்.

இதுவரை சொன்னது குறி இருக்கும் நிலை. குறி இல்லாத நிலை இன்னும் ஆபத்தானது. ஆறு மாதத்துக்குட்பட்ட பச்சிளங்குழந்தைக்குக் கக்குவான் வந்தால் அந்த “ஊ” ஓசை பெரும்பாலும் கேட்காது. அவ்வளவு வலுவாக மூச்சிழுக்கும் திராணி அதற்கு இல்லை. சில நேரம் இருமலே இருக்காது; மூச்சு சில நொடிகள் நின்றுபோகும், உதடு கறுக்கும், பால் குடிப்பதை விட்டுவிடும். கக்குவான் கொல்வது பெரும்பாலும் இந்த வயதில்தான். வயது வந்தவர்களிடமும் பெரும்பாலும் ஓசை இருக்காது. மூன்று வாரமாக விடாத வறட்டு இருமல் என்ற அளவில் நோய் ஒளிந்திருக்கும். தடுப்பூசியாலோ முன்பு வந்த நோயாலோ கிடைத்த காப்பு ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்ந்துவிடுவதே காரணம். வீட்டில் இருமிக்கொண்டிருக்கும் பாட்டனிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ தொட்டில் குழந்தைக்கு அது போகிறது.

சித்தியார் எண்ணும் அளவைகளில் அபாவம் ஒன்று. இல்லாமையைக் கொண்டு அறிதல். மேசைமேல் குடம் இருந்தால் தெரிந்திருக்கும், தெரியவில்லை, ஆகவே இல்லை. இந்த முடிவு செல்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இருந்தால் கட்டாயம் தெரியக்கூடியதாக அது இருக்க வேண்டும். பச்சிளங்குழந்தையிடம் கக்குவானின் ஓசை அப்படிப்பட்ட பொருள் அன்று. அதனால் ஓசை இல்லை, ஆகவே கக்குவான் இல்லை என்ற முடிவு தர்க்கத்திலேயே உடைகிறது. மருத்துவம் வந்து திருத்த வேண்டியதில்லை.

மணிமேகலையின் அளவைவாதி நல்ல அளவைகளோடு போலி அறிவுகள் எட்டையும் சொல்கிறான். நோய்க்குறி விஷயத்தில் அவற்றுள் நான்கு நாள்தோறும் நடப்பவை. ஐயம் என்பது இதுவா அதுவா என்று நிற்பது. இது பிழையானாலும் ஆபத்துக் குறைந்தது, ஐயப்படுபவர் விசாரிப்பார். மற்ற மூன்றும் விசாரணையை நிறுத்திவிடுகின்றன.

திரியக்கோடல் என்பது ஒன்றை வேறொன்றாகக் கொள்வது. இதற்கு டெங்குவைவிடச் சிறந்த சான்று கிடைக்காது. சட்டென ஏறும் காய்ச்சல், கண்ணின் பின்புறம் வலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போன்ற நோவு என்று தொடங்கி மூன்று முதல் ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும். காய்ச்சல் விட்டால் குணம் என்பது எல்லா வீடுகளிலும் உள்ள கணக்கு. டெங்குவில் அபாயக் கட்டம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. காய்ச்சல் தணிந்த உடம்பில் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கை கால் சில்லிடுதல், சோர்வு என்பவை தெரிந்தால் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிறது என்று பொருள்.

தேராது தெளிதல் என்பது ஆராயாமல் முடிவு கட்டுவது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைக் காசநோய்க்குச் சோதிக்க வேண்டும் என்பது தேசியத் திட்டத்தின் விதி. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு, கோழையில் இரத்தம் ஆகியவை சேர்ந்தால் ஐயம் வலுக்கும். பீடியால் வருவது என்று தெளிந்துவிட்டவர் ஆறு மாதம் கழித்துச் சோதனைக்கு வரும்போது வீட்டில் இன்னும் இரண்டு பேர் இருமிக்கொண்டிருப்பார்கள்.

கண்டுணராமை என்பது முன்னால் இருப்பதையே உணராமல் விடுவது. கழிச்சலில் கிடக்கும் குழந்தையின் குழிந்த கண், கிள்ளி விட்ட வயிற்றுத் தோல் மெதுவாகத் திரும்புவது, அழுதாலும் கண்ணீர் வராதது ஆகிய எல்லாமே கண்ணுக்கு முன்னால் இருப்பவை. நிமோனியாவைக் கண்டுபிடிக்கச் செவிலியருக்குக் கற்றுத்தரும் முறையும் அப்படியே. குழந்தையின் சட்டையை மார்புக்கு மேல் தூக்கி, அது அழாமல் இருக்கும்போது, கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40 என்ற எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேக மூச்சு. பால் குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பியும் எழாத மயக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நோயின் பெயரை விவாதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வும், அதாவது நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற வரிசையும், கண்டுணராமைக்குப் போட்ட காப்பாகவே தெரிகிறது. வைத்தியர் எதையும் பார்க்காமல் விட்டுவிடக்கூடாது.

மற்ற சில நோய்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். குளிர் நடுக்கம், பின் அனல், பின் வியர்வை என்று ஒருநாள் விட்டு ஒருநாள் முறைவைத்து வருவது மலேரியாவின் நடை. ஆனால் தொடக்க நாட்களில் இந்த முறை தெளிவாக இருக்காது. நாளுக்கு நாள் படியேறும் காய்ச்சலும் வயிற்றுக் கோளாறும் டைபாய்டை நினைவூட்டும். வெள்ளநீரில் நடந்தவருக்குக் கெண்டைக்கால் வலியும் சிவந்த கண்ணும் காய்ச்சலும் வந்தால் எலிக்காய்ச்சல். சிறுநீர் அடர்மஞ்சளாகிக் கண்ணும் மஞ்சளித்தால் காமாலை. காது மடலுக்குக் கீழே தாடையோரம் வீங்கினால் பொன்னுக்கு வீங்கி. தொண்டையில் சாம்பல் நிறத் தோல்போல் படிந்து கழுத்தும் வீங்கினால் தொண்டை அடைப்பான். அதில் ஒருநாள் தாமதமும் உயிருக்கு உலை.

அம்மையை இந்தச் சுருக்கத்தில் அடக்க முடியாது. அங்கே குறி சமயத்துக்குள் போய்விடுகிறது. காட்டுப்பள்ளி இருக்கும் அதே மாவட்டத்தில், ஆரணி ஆற்றங்கரையில் பெரியபாளையம் பவானி அம்மன் கோயில் இருக்கிறது. ஆடி மாதத்தில் வேப்பிலையைச் சேலையாகக் கட்டி வலம் வந்து நேர்த்தி செலுத்துபவர்கள் வட தமிழகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். அம்மை கண்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகுவது, வெளியார் நுழையாமல் இருப்பது, தாளிப்பு நிறுத்துவது, மூன்றாம் தண்ணீர் வரை ஊற்றி முடிப்பது என்பன ஒரு முழு ஒழுங்கு. முத்து போட்டிருப்பது நோயின் குறி என்று மருத்துவம் சொல்கிறது. அம்மன் வந்திருக்கிறாள் என்பதன் குறி என்று பக்தி சொல்கிறது. ஒரே கொப்புளம் இரண்டு பொருளுக்கு எப்படிக் குறியாகும்?

பெரியம்மையின் கதை இதற்கு ஒரு சோதனை. கிண்டியில் 1899இல் நிறுவப்பட்ட கிங் நிறுவனம் முதலில் அம்மைப்பால் தயாரிக்கவே ஏற்பட்டது. உலகிலிருந்து பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதாரப் பேரவை 1980இல் அறிவித்தது. அம்மன் பெரியம்மைக்கு வேறொரு பெயர் மட்டுமே என்றால், நோய் போனதும் கோயில் வெறிச்சோடியிருக்க வேண்டும். பெரியபாளையத்தில் கூட்டம் பெருகியிருக்கிறது. பக்தர் அம்மனிடம் கேட்டது நோயின் காரணத்தை மட்டும் அன்று, அச்சத்தில் ஒரு துணையை என்று இதைக் கொள்வதே பொருந்தும். அது வேறு கேள்வி. அதற்கு அம்மன் தரும் விடை, இது எந்த அம்மை என்ற கேள்விக்கு விடை ஆகாது.

எந்த அம்மை என்பதை அறிவதில்தான் உயிர் இருக்கிறது. சின்னம்மையில் மார்பிலும் முதுகிலும் அதிகமாக, ஒரே நேரத்தில் சிவந்த புள்ளி, நீர்க்கொப்புளம், காய்ந்த பொருக்கு எனப் பல பருவத்தில் கலந்து இருக்கும். பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே தேறிவிடும். மணல்வாரி எனப்படும் தட்டம்மையில் மூன்று நான்கு நாள் கடுங்காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சிவந்து கூசும் கண். கன்னத்தின் உட்புறம் உப்புத்தூள் தூவியதுபோல் வெண்புள்ளிகள். பிறகு காதின் பின்னாலும் நெற்றியிலும் தொடங்கி உடம்புக்குக் கீழே இறங்கும் தடிப்பு. இது நிமோனியாவிலும் கண்பார்வை இழப்பிலும் முடியக்கூடும். வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும். இரண்டையும் அம்மை என்று ஒன்றாக்கி வேப்பிலையோடு வீட்டுக்குள் வைத்திருப்பது சின்னம்மையில் பெரும்பாலும் கேடில்லாத ஒழுங்கு. தட்டம்மையில் மூச்சு வாங்கத் தொடங்கிய குழந்தையை மூன்றாம் தண்ணீருக்காகக் காத்திருக்க வைப்பது அதன் உயிரைப் பணயம் வைப்பது.

சைவத்தின் பக்கத்திலிருந்து இதைவிடக் கடினமான தடை வினைக்கொள்கை. நோய் பழவினையின் பயன் என்றால் அதன் குறியை ஆராய்வதும் மருந்து தேடுவதும் எதற்கு? இந்தக் கேள்விக்கு ஏழாம் நூற்றாண்டிலேயே ஒரு விடை இருக்கிறது. திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டில் கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், தங்கியிருந்தபோது உடன் வந்த அடியாருக்குக் குளிர்சுரம் கண்டதாகச் சேக்கிழார் சொல்கிறார். அப்போது பாடிய திருநீலகண்டப் பதிகம் வினையை மறுக்கவில்லை. இந்தத் துன்பம் முன்செய்த வினைக்கு வந்தது என்று சொல்லிக்கொண்டு உய்யும் வழியைத் தேடாமல் இருப்பது குறை என்று அடியாரைக் கடிந்துகொள்கிறது. சம்பந்தர் தேடிய வழி மருந்து அன்று, இறைவன் ஆணை என்பது உண்மை. எனினும் வினை என்ற விடையைச் செயலின்மைக்குச் சாக்காக்கக் கூடாது என்ற வாதம் மருந்துக்கும் அப்படியே செல்லும்.

வினை விடை சொல்வது, இவருக்கு ஏன் வந்தது என்ற கேள்விக்கு. குறி விடை சொல்வது, வந்திருப்பது என்ன என்ற கேள்விக்கு. முதல் கேள்விக்கு எந்த விடையைக் கொண்டாலும் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோய் இன்னது என ஆராய்வதையும், அதன் காரணத்தை ஆராய்வதையும், தணிக்கும் வழியை ஆராய்வதையும் தனித்தனி வேலைகளாக வைத்திருப்பதன் அருமை இங்கே விளங்கும்.

எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் சொல்வது பக்தருக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. காட்டுப்பள்ளியில் துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் இருக்கின்றன. தெற்கே அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள், எண்ணூர்ப் பக்கம் நிலக்கரிக் குவியல். 2023 டிசம்பர் 26ஆம் தேதி இரவு எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, உறங்கிக்கொண்டிருந்த மக்கள் மூச்சுத்திணறலும் கண்ணெரிச்சலுமாகத் தெருவுக்கு ஓடிவந்தார்கள். ஆகவே இப்பகுதியில் இருமும் ஒருவர் “எல்லாம் இந்தப் புகையால்தான்” என்று சொன்னால் அதில் நியாயம் உண்டு. சாம்பல்தூசு மூச்சுக்குழாயைச் சுருக்கும், ஆஸ்துமாவைக் கிளறும், நெஞ்சுச்சளியை நீட்டிக்கும்.

ஆனால் எப்போதும் இருக்கும் காரணம், இந்தக் குழந்தைக்கு இந்த வாரம் ஏன் இருமல் என்பதை விளக்காது. தூசால் வரும் இருமல் காற்று வீசும் திசையோடும் வேலைநேரத்தோடும் கூடும், குறையும். ஊரைவிட்டுச் சில நாள் போனால் பெரும்பாலும் தணியும். அமோனியாவின் இருமல் நிமிடக் கணக்கில், தெருவே சேர்ந்து, கண்ணெரிச்சலோடு வரும். ஆஸ்துமாவில் மூச்சை வெளியே விடும்போது விசில் கேட்கும். கக்குவான் ஒரு வீட்டில் ஒருவரிடம் தொடங்கி, ஒன்றிரண்டு வாரம் இடைவிட்டு அடுத்தவரைப் பிடிக்கும். காப்பில்லாத வீட்டாரில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் தொற்றக்கூடும். இந்த விவரங்கள்தாம் வெள்ளத்தில் மிதந்து வரும் இலையும் கட்டையும். புகை என்று சொல்லி நிறுத்திக்கொள்வதும் தோஷம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வதும் விசாரணையை முடித்துவைப்பதில் ஒன்றுதான். மறுபக்கமும் உண்டு: ஆலையோரத்து இருமல் எல்லாவற்றையும் “வைரஸ்” என்று எழுதி அனுப்பும் சீட்டு, புகைபோக்கியை விசாரணையிலிருந்து தப்பவிடுகிறது.

இந்தத் தொழில் வட்டாரத்தில் உரை என்ற அளவைக்கும் தனிச் சிக்கல் இருக்கிறது. துறைமுகத்திலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலும் ஒடிசா, பீகார், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். குடும்பத்தோடு வந்தவர்களின் குழந்தைக்கு எத்தனை தவணை ஊசி போட்டது என்று கிராம சுகாதார செவிலியர் கேட்டால் அட்டை சொந்த ஊரில் இருக்கும். இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டால் சொல்ல மொழி இருக்காது. இருமிக் காட்டுவார்கள், அது போதுமானதாகவும் சில நேரம் அமைகிறது. உள்ளூராரிடம் உரை வேறு விதமாகக் கெடுகிறது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் கிளம்பிய வதந்தியை நம்பிப் பல பெற்றோர் தயங்கினார்கள். உரை சான்றாக வேண்டுமானால் சொல்பவர் ஆப்தராக, அதாவது உண்மை அறிந்தவராகவும் பொய் சொல்ல நோக்கம் அற்றவராகவும், இருக்க வேண்டும் என்பது தர்க்க நூலின் நிபந்தனை. யாரோ அனுப்பி யாரோ தள்ளிவிட்ட செய்திக்குச் சொல்பவரே கிடையாது.

குறிக்காகக் காத்திருக்கவே கூடாத நோய்களும் உண்டு. வெறிநாய்க்கடி நோயில் தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகுவது ஐயத்துக்கு இடமில்லாத குறி. ஆனால் அது தெரிந்தபின் பிழைப்பவர் அரிதிலும் அரிது. இரணஜன்னியில் தாடை இறுகிய பிறகும் நிலைமை மோசம். இவற்றில் எச்சம் பயனற்றது, முதல்தான் கைகொடுக்கும். நாய் கடித்தது என்ற முகிலைக் கண்டவுடனே, சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் புண்ணைக் கழுவி, அன்றே ஊசி தொடங்க வேண்டும்.

தடுப்பூசி முழுவதுமே இந்த முதல்வகைக் கருதலின் மேல் நிற்கிறது. தொண்டை அடைப்பான், கக்குவான், இரணஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பூசியைத் தயாரித்து வந்த நிறுவனங்களில் ஒன்று குன்னூர் பாஸ்டியர் நிறுவனம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 2011 டிசம்பரில் மஞ்சள் காமாலை பி, ஹிப் கிருமி ஆகியவற்றுக்கான காப்பும் சேர்ந்த ஐந்து நோய்த் தடுப்பூசி அரசுத் திட்டத்தில் வந்தது. ஆறு, பத்து, பதினான்காம் வாரத்தில் மூன்று தவணை. 16 முதல் 24 மாதத்துக்குள் ஒரு ஊக்கத்தவணை, ஐந்து முதல் ஆறு வயதில் இன்னொன்று முத்தடுப்பூசியாக. ஊசி போட்ட இரவு காய்ச்சலும் தொடையில் வீக்கமும் வருவது வழக்கம். அதைக் கண்டு அடுத்த தவணையை நிறுத்துவது மீண்டும் திரியக்கோடல்.

பிறந்தது முதல் ஆறாவது வாரம் வரை குழந்தைக்குச் சொந்தக் காப்பு இல்லை. கர்ப்பத்தின் 27 முதல் 36 வாரத்துக்குள் தாய்க்குக் கக்குவான் சேர்ந்த தடுப்பூசி போட்டால் எதிர்ப்புப் பொருள் கருவுக்குப் போய்ச் சேர்கிறது. அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகப் போடும் டி.டி. ஊசியில் கக்குவான் பகுதி இல்லை. ஆகவே அந்த ஆறு வாரமும், முதல் தவணைகள் முடியும் வரையும், இருமுபவர் யாராக இருந்தாலும் தொட்டிலுக்கு அருகே போகாமல் இருப்பதே காப்பு.

நோய் கண்ட குழந்தையை, உரிய மருந்து தொடங்கி ஐந்து நாள் முடியும்வரை அங்கன்வாடிக்கோ பள்ளிக்கோ அனுப்பக் கூடாது. மருந்து கொடுக்காவிட்டால் அடுக்கிருமல் தொடங்கி மூன்று வாரம். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு, குறிப்பாகக் கைக்குழந்தையும் நிறைமாதக் கர்ப்பிணியும் இருந்தால், குறி எதுவும் இல்லாவிட்டாலும் மருத்துவர் தடுப்பு மருந்து தருவார். சிறிது சிறிதாக, அடிக்கடி உணவு கொடுப்பதும், வாந்தி எடுத்தபின் சற்றுப் பொறுத்து மறுபடி ஊட்டுவதும், அடுப்புப் புகையும் பீடிப் புகையும் அண்டாமல் பார்த்துக்கொள்வதும் வீட்டு வேலை. மூன்றாம் கட்டத்தில் இருமலின் அடுக்கு குறைந்து, வாந்தி நின்று, வாரக்கணக்கில் மெல்ல ஓயும். கிருமி போய்ப் பல வாரமான பிறகும், புதிதாக ஒரு சளி பிடித்தால் பழைய அடுக்கிருமல் சில மாதம் வரை திரும்ப வரும். அது நோய் மறுபடி தொற்றியதன் குறி இல்லை. கிருமிக்கொல்லியை மறுபடி தொடங்க வேண்டியதில்லை.